இரத்தக் குழாய் அனுப்பும் செய்திகளும் இருதய வீக்கமும்

(புதுதில்லி கிட்வாய் நகரில், அரசு ஊழியர்களும் அவர்தம் குடும்பத்தினரும் கூடியிருந்த அவையில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இக்குடியிருப்பு ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சராகவும், பின்னர் உணவு அமைச்சராகவும் விளங்கிய அப்பெருமகனார் 1954 அக்டோபர் 24 அன்று தில்லியில் இருதயம் செயலிழந்து மறைந்தார். அப்பொழுது அவருக்கு வயது அறுபதுதான். அவர் பெயர் கொண்ட இந்நகரிலிருந்து அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. எனினும், மருத்துவமனை அருகில் இருப்பது வேறு. தம் இரத்த அழுத்தம் எவ்வளவு என்பதை ஒருவர் அறிந்திருப்பது வேறு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வொன்றின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. வயது வந்தோரில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் உயர் இரத்த அழுத்தம் உடையவர்கள் என்று அது கூறுகிறது. மக்கள் வழக்கில் இதனை இரத்தக் கொதிப்பு என்கிறோம். ஆனால் எதுவும் கொதிப்பதில்லை என்பதே இந்நோயின் சூழ்ச்சி. தலைவலியோ, மயக்கமோ, வேறெந்த அறிகுறியோ இல்லாமலேயே பத்து, பதினைந்து ஆண்டுகள் அது உடலில் குடியிருக்கும். அந்த ஆண்டுகளில் இருதயத்துக்கு என்ன நேர்கிறது என்பதையே இன்று விளக்க விரும்புகிறேன்.

தில்லி மக்களின் இரத்த அழுத்தத்தை நகரம், கிராமம் எனப் பிரித்து முறையாக ஆராய்ந்த தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று 1959இல் வெளிவந்தது. அதனைச் செய்தவர் டாக்டர் எஸ். பத்மாவதி, உடன் உழைத்தவர் சாவித்திரி குப்தா. பர்மாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி, இந்நாட்டின் இருதய மருத்துவத்துக்கு அடித்தளமிட்டவர் பத்மாவதி அம்மையார். 2020இல் தமது 103ஆம் வயதில் காலமானார். நோயாளி மருத்துவமனைக்கு வரும்வரை காத்திராமல், மருத்துவர் மக்களிடம் சென்று அழுத்தத்தை அளக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றே இந்நகரில் வேரூன்றியிருந்தது. அதனை நாம் எவ்வளவு தூரம் பின்பற்றினோம் என்பது வேறு கேள்வி.

குழாய் என்ற சொல்

இரத்தக் குழாய் என்று சொல்லும்பொழுது நம் மனக்கண்முன் தண்ணீர்க் குழாய் தோன்றுகிறது. இவ்வுவமை ஓரளவுக்குத்தான் உதவும். தண்ணீர்க் குழாய் தன் விட்டத்தைத் தானே மாற்றிக்கொள்வதில்லை. நமது நுண்தமனிகளோ நொடிக்கு நொடி சுருங்கவும் விரியவும் வல்லவை. இதன் விளைவு சிறிதன்று. குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால் அதனூடே பாயும் நீர்மத்துக்கு ஏற்படும் தடை இரு மடங்கன்று, பதினாறு மடங்காகும். இது 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் புவாசேய் கண்ட விதி. எனவே நுண்தமனிகள் சற்றே இறுகினாலும், அதே அளவு இரத்தத்தைச் செலுத்த இருதயம் கூடுதல் அழுத்தம் தர வேண்டியதாகிறது.

இறுகு என்றும் தளர் என்றும் ஆணையிடுவது யார்? நரம்புகளும், தொலைவிலுள்ள சுரப்பிகளுமே என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் ஒற்றை உயிரணுப் படலம் வெறும் பூச்சு என்றே பாடநூல்கள் கூறின. இதனை மாற்றியவர் அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் ஃபர்ச்காட். முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்து அவர் சோதனை செய்து வந்தார். அசிட்டைல்கோலின் என்ற பொருளை இட்டபொழுது அவை ஒரு வகைச் சோதனையில் சுருங்கின. வேறொரு வகையில் விரிந்தன. காரணத்தைத் தேடியபொழுது, சுருங்கிய துண்டுகளைத் தயாரிக்கையில் உட்படலம் உரசப்பட்டு அழிந்துபோயிருந்தது தெரிந்தது. படலம் இருந்தால் குழாய் தளர்கிறது, இல்லையேல் இறுகுகிறது. அப்படியாயின் அப்படலம் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து தசைக்குச் செய்தி அனுப்புகிறது என்றுதானே கொள்ள வேண்டும்? 1980இல் இம்முடிவு வெளியாயிற்று.

அச்செய்திப் பொருள் எது என்று கண்டறிய மேலும் ஏழு ஆண்டுகள் பிடித்தன. அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் எளிய வாயு. மோட்டார் வாகனப் புகையில் கலந்து நம் காற்றைக் கெடுக்கும் அதே வாயு, நம் குழாய்ச் சுவரில் மிகச் சிறு அளவில் பிறந்து, சில நொடிகளே நிலைத்து, தசையைத் தளர்த்திவிட்டு மறைகிறது. 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மார்வலிக்காரர்கள் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் நைட்ரோகிளிசரின் மாத்திரை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே வழக்கத்தில் உள்ளது. அது உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறித்தான் வேலை செய்கிறது என்பது நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே விளங்கியது. டைனமைட்டுக்கு நைட்ரோகிளிசரினைப் பயன்படுத்திச் செல்வம் குவித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே, அவரது இறுதிக் காலத்தில் மருத்துவர்கள் அதனை மருந்தாக எழுதித் தந்தார்கள் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

இறுக்கும் பொருள்கள்

தளர்த்தும் செய்தி இருப்பதுபோல் இறுக்கும் செய்தியும் உண்டு. இவற்றுள் முதன்மையானது ஆஞ்சியோடென்சின். சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது என்பதை 1898இலேயே சுவீடனில் கண்டறிந்தனர். ரெனின், இரத்தத்திலுள்ள ஒரு புரதத்தை வெட்டி ஆஞ்சியோடென்சினின் முன்வடிவத்தை ஆக்குகிறது. அதனை வீரியமுள்ள பொருளாக மாற்றும் நொதி, குழாய்களின் உட்படலத்தில், சிறப்பாக நுரையீரல் குழாய்களில், பதிந்து நிற்கிறது. ஆக, மூலப்பொருள் எங்கிருந்து வந்தாலும், அதனைக் கூர்தீட்டிக் கையில் கொடுப்பது குழாய்ச் சுவர்தான். 1988இல் ஜப்பானின் யனாகிசாவா குழுவினர் இரண்டாவது பொருளைக் கண்டனர். 21 அமினோ அமிலங்களாலான எண்டோதெலின் என்பது அது. ஆஞ்சியோடென்சினைவிடவும் கடுமையாகவும் நெடுநேரமும் குழாயை இறுக்கவல்லது. நரம்பு முனைகளிலிருந்து வரும் நார்அட்ரினலின் மூன்றாவது.

நலமாக உள்ள உடலில் இவை ஒன்றையொன்று அடக்கி வைத்திருக்கும். வயது, உப்பு, புகை, நீரிழிவு, உடற்பருமன் ஆகியவற்றால் உட்படலம் நலிவுறும்பொழுது நைட்ரிக் ஆக்சைடு குன்றுகிறது. இறுக்கும் பொருள்களின் கை ஓங்குகிறது. உயர் அழுத்தம் படலத்தைக் கெடுக்கிறது. கெட்ட படலம் அழுத்தத்தை மேலும் உயர்த்துகிறது. எது முதல், எது பின் என்ற விவாதம் அறிஞர்களிடையே இன்னும் ஓயவில்லை.

இத்துறையின் வரலாற்றில் பாம்புகள் அடிக்கடி குறுக்கிடுவதைச் சொல்லாமல் விட மனமில்லை. எண்டோதெலினின் கட்டமைப்பு, மேற்கு ஆசியாவில் வாழும் ஒரு பாம்பின் நஞ்சிலுள்ள பொருளை ஒத்திருக்கிறது. பிரேசில் நாட்டு ஜராராகா விரியனின் நஞ்சை ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரேரா 1965இல் கண்ட உண்மைகளே, ஆஞ்சியோடென்சினை ஆக்கும் நொதியைத் தடுக்கும் மருந்துகளுக்கு வழிகாட்டின. அவ்வழியில் உருவான கேப்டோபிரில் 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் நாட்டு மூலிகையின் பெயரிலும் பாம்பு உண்டு. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இருதயம் ஏன் பெருக்கிறது?

இருதயத்தின் இடது கீழறையே உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்துகிறது. அதன் சுவர் இயல்பாக ஒரு சென்டிமீட்டர் அளவே தடித்தது. நாள்தோறும் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை அது சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு முறையும் உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டுமெனில், சுவரின் ஒவ்வோர் இழையின் மீதும் விழும் சுமை கூடும். சுவர் தடித்தால் அச்சுமை பல இழைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படும். எனவே தொடக்கத்தில் இத்தடிப்பு ஒரு தற்காப்பே.

தில்லியின் அகாடாக்களில் மல்யுத்தம் பயிலும் இளைஞனின் இருதயச் சுவரும் ஓரளவு தடிக்கத்தான் செய்கிறது. அது கெடுதியன்று; பயிற்சியை நிறுத்தினால் குறைந்துவிடும். அழுத்தத்தால் தடித்த இருதயம் வேறு வகையானது. இருதயத் தசையின் உயிரணுக்கள் பிறந்தபின் பெரும்பாலும் பிரிந்து பெருகுவதில்லை, இருப்பவையே பருமனாகின்றன. அவை பருக்கும் அளவுக்கு நுண்குழாய்கள் பெருகாததால் தசைக்குப் பிராணவாயு பற்றாக்குறை ஏற்படுகிறது. அணுக்களுக்கிடையே நார்த் திசு படிந்து, சுவர் விறைக்கிறது. விறைத்த அறை சுருங்குவதில் குறை தெரியாது. விரிந்து இரத்தத்தை ஏற்பதில்தான் தெரியும். அதனால்தான் ஆய்வில் இருதயம் நன்றாகவே சுருங்குகிறது என்று அறிக்கை வந்தாலும், மாடிப்படி ஏறுகையில் ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது. இக்குடியிருப்பின் கிழக்குப் பகுதியில் பழைய தாழ்வான வீடுகள் போய், மின்தூக்கியுடன் கூடிய அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. வசதிதான், ஆனால் படியேறும்பொழுது கிடைத்துவந்த அந்த முதல் எச்சரிக்கையை மின்தூக்கி மறைத்துவிடுகிறது.

பளு மட்டுமே இத்தடிப்புக்குக் காரணமாயின் கதை இங்கே முடிந்துவிடும். குழாய்ச் சுவரின் செய்திகள் இருதயத்தையும் எட்டுகின்றன. ஆஞ்சியோடென்சினும், எண்டோதெலினும், நார்அட்ரினலினும் இருதயத் தசையணுவின் மேலுள்ள ஏற்பிகளில் படிந்து, கருவில் இருந்த காலத்தில் மட்டும் வேலை செய்து பின் உறங்கிப்போன மரபணுக்கள் சிலவற்றை எழுப்புகின்றன. வளர்க என்ற ஆணை பிறக்கிறது. நார்த் திசுவை நெய்யும் அணுக்களுக்கும் அவையே ஊக்கம் தருகின்றன. நைட்ரிக் ஆக்சைடு இதனைத் தடுக்க முயல்கிறது. இருதயமும் வாளாவிருப்பதில்லை. சுவர்கள் இழுபடும்பொழுது, உப்பையும் நீரையும் வெளியேற்றுமாறு சிறுநீரகத்துக்கு ஆணையிடும் பொருளொன்றை அதுவே சுரக்கிறது என்பதை 1981இல் டி போல்ட் குழுவினர் காட்டினர். அவ்வகைப் பொருளை இரத்தத்தில் அளந்தே இன்று இருதயத் தளர்ச்சியைக் கண்டறிகிறார்கள்.

மருந்தில்லாக் காலமும் சர்ப்பகந்தியும்

இந்நோயைத் தடையின்றி விட்டால் என்னவாகும் என்பதற்கு உலகறிந்த சான்று அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1944 மார்ச்சில் இருதய மருத்துவர் புரூன் அவரைச் சோதித்தபொழுது இரத்த அழுத்தம் 186/108, இருதயம் பெருத்திருந்தது, தளர்ச்சியும் தொடங்கியிருந்தது. உலகின் ஆற்றல்மிக்க அந்நாட்டிலும் அவருக்குக் கொடுக்கத் தக்க மருந்து இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தம் கசிந்து அவர் இறந்தார்.

அக்காலத்தில் இந்தியாவில் சர்ப்பகந்தி வேரை வைத்தியர்கள் பயன்படுத்தி வந்தனர். 1931இல் கல்கத்தாவின் கணபதி சென்னும் கார்த்திக் சந்திர போசும் அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை எழுதினர். அதே ஆண்டில் நம் தில்லியின் கரோல் பாக் திப்பியா கல்லூரியில் சலிமுஸ்ஸமான் சித்திகி அவ்வேரிலிருந்து வேதிப் பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்குக் கல்லூரியை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் நோயாளிகள் ஐம்பது பேரிடம் சோதித்த முடிவுகளை பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழில் வெளியிட்ட பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தில் ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் இருப்பை வற்றச் செய்வதே அதன் செயல். செய்திப் பொருளின் வழியில் குறுக்கிட்டு அழுத்தத்தைக் குறைத்த முன்னோடி மருந்துகளுள் ஒன்று நம் மண்ணின் வேரிலிருந்து வந்தது. மனச்சோர்வு முதலிய பக்க விளைவுகளால் இன்று அது அருகிவிட்டது. மூலிகைதானே என்று தாமாகவே வாங்கி உண்பது தகாது.

அழுத்தம் குறைந்தால் போதுமா?

இக்கேள்விக்கு 1974இல் கிளீவ்லாந்தில் சுபா சென் முதலானோர் எலிகளிடம் செய்த சோதனை புதிய ஒளி பாய்ச்சியது. பிறவியிலேயே உயர் அழுத்தம் கொண்ட எலிகளுக்கு மெதில்டோபா என்ற மருந்தைத் தந்தபொழுது இருதயத்தின் பருமன் குறைந்தது. ஹைட்ரலசீன் என்ற மருந்தும் அழுத்தத்தைக் குறைத்தது, இருதயமோ குறையவில்லை. முன்னது நரம்புச் செய்தியைத் தணிப்பது. பின்னது குழாய்த் தசையை நேரே தளர்த்துவது, அதனால் நரம்பும் ரெனினும் எதிர்த்துக் கிளர்ந்தெழுகின்றன. அழுத்தமானியின் எண் ஒன்றாக இருந்தும், இருதயம் கேட்ட செய்திகள் வேறு.

மனிதரிடையே இதனைச் சோதித்த பெரிய ஆய்வு 2002இல் வெளிவந்தது. இருதயத் தடிப்புள்ள 9,193 பேரில் ஒரு சாராருக்கு ஆஞ்சியோடென்சின் ஏற்பியைத் தடுக்கும் லோசார்டன், மறு சாராருக்கு அடினலால். இரு சாராரிடமும் அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. ஆயினும் லோசார்டன் உண்டவர்களிடம் தடிப்பு கூடுதலாகக் குறைந்ததோடு, பக்கவாதமும் நூற்றுக்கு 25 அளவுக்குக் குறைவாக நேர்ந்தது.

இதைக் கேட்டுவிட்டு, விலையுயர்ந்த மருந்தே வேண்டும் என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. எந்த மருந்தாலேனும் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதே முதற் கடமை. நன்மையின் பெரும் பங்கு அதிலிருந்தே வருகிறது. மருந்தின் வகை அதற்கு அடுத்தது. நம் நாட்டில் இடர்ப்பாடு மருந்தின் வகையிலன்று, மருந்து தடையின்றிக் கிடைப்பதிலும் அதை நிறுத்தாமல் உண்பதிலும் உள்ளது. 2017இல் ஐந்து மாநிலங்களில் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி, எளிய சிகிச்சை நெறி, தட்டுப்பாடற்ற மருந்து இருப்பு, ஒவ்வொரு நோயாளிக்கும் பதிவேடு ஆகியவற்றை முன்வைத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டு சென்றது. நிர்வாகத்தில் உள்ளவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கொள்முதல் கோப்பு ஒன்று இரண்டு மாதம் தாமதமானால், அதன் விலை ஏதோ ஒரு கிராமத்தில் ஓர் இருதயச் சுவரின் தடிப்பில் போய் முடியும் என்பதை அவர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

தில்லிக்கெனச் சில தொல்லைகள் உண்டு. குளிரில் நுண்தமனிகள் இறுகுவதால் டிசம்பர், ஜனவரியில் அழுத்தம் ஏறும். கோடையில் சரியாக இருந்த மருந்தளவு அப்பொழுது போதாமற் போகலாம். காற்றிலுள்ள நுண்துகள்களை நெடுநாள் சுவாசிப்பது அழுத்தத்தை உயர்த்துகிறது என்பதை இந்நகர மக்களிடையே நடத்தி 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. உப்பைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தில்லி, அரியானாப் பகுதியில் சிறுநீரைச் சோதித்து மதிப்பிட்டபொழுது சராசரி 8 கிராமைத் தாண்டியது. நம் வீட்டு அப்பளம், வடகம், ஊறுகாயுடன் இவ்வூரின் நம்கீனும் சேர்ந்துகொண்டால் கணக்கு எங்கே நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுப்பங்கரையில் உப்பைக் குறைக்கும் பொறுப்பைப் பெண்கள் தலையில் மட்டும் சுமத்திவிட்டு, அலுவலக உணவகத்தில் சமோசா உண்ணும் ஆடவரையும் நான் கண்டிருக்கிறேன்.

நடைமுறையில் செய்யத்தக்கது இது. முப்பது வயதைக் கடந்தோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழுத்தத்தை அளக்க வேண்டும். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, முதுகு சாய்ந்து, கை இருதய மட்டத்தில் இருக்க, பேசாமல், இருமுறை அளப்பது சரியான முறை. வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் மருத்துவரை நாடுக. எல்லாருக்கும் எக்கோ தேவையில்லை. அழுத்தம் உள்ளவர்கள் ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்வது நன்று, அதில் ஐயம் எழுந்தால், அல்லது மூச்சு வாங்கினால், எக்கோ சுவரின் தடிப்பை மில்லிமீட்டரில் சொல்லிவிடும். ஆஞ்சியோடென்சின் நொதியைத் தடுக்கும் மருந்தால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். மருந்தை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து தருவார். கருவுற்ற பெண்கள் இவ்வகை மருந்துகளையும் ஏற்பித் தடுப்பு மருந்துகளையும் உட்கொள்ளலாகாது. கருவுற எண்ணுவோரும் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறி மாற்றிக்கொள்ள வேண்டும்.

இருதயத்தின் தடிப்பு தொடர்ந்த சிகிச்சையால் குறையும். தசையணுக்களின் பருமன் சில மாதங்களிலேயே குறையத் தொடங்கும். நார்த் திசு கரைவது மெதுவாக, ஒன்றிரண்டு ஆண்டுகளில், அதுவும் முழுமையாக அன்று. ஆகவே மாத்திரை தொடங்கிய மூன்றாம் மாதமே மீண்டும் எக்கோ எடுத்துப் பார்த்து, மாற்றமில்லையே என்று மனம் தளர்ந்து மருந்தை விட்டுவிட வேண்டாம்.